அரக்கு முத்திரையும் நாய் உரிமப் பதிவேடும்

பூவரசம்பேடு பேரூராட்சி எல்லைக்குள் வசிக்கும், வசிக்க உத்தேசித்திருக்கும், வழியே கடந்து செல்லும் சகல ஜனங்களின் மேலான கவனத்துக்கு: ஐந்தாண்டுக்கு ஒரு முறை மட்டுமே நிகழ்வதும், தேசத்தின் முன்னேற்றத்தோடு நேரடித் தொடர்பு உடையதுமான சொத்து வரி மறுமதிப்பீட்டுப் பதிவேடு, 1978 ஜூலை 31 திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத் தாழ்வாரத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அன்று மாலை ஐந்து மணிக்குள் வைக்கப்படாவிடில் மறுமதிப்பீடு ரத்தாகி, பழைய மதிப்பீடே இன்னும் ஐந்தாண்டுக்கு நீடிக்கும். வைக்கப்படாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசி வாக்கியம் எந்தச் சட்டத்திலும் கிடையாது. நிர்வாக அதிகாரி ஏகாம்பரம் தம் கைப்படச் சேர்த்தது. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், பஸ் நின்றாலும் நிற்கும் நிற்காமலும் போகும் என்கிற ஊரை நிர்வகிப்பவர் அவர். ஆனால் வாயைத் திறந்தால் எதிரே பாராளுமன்றத்தின் இரு சபைகளும் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். தமுக்கு அடிப்பவர் இந்த அறிவிப்பை நாலு தெருமுனையிலும் நின்று படித்தார். ஜனங்கள் 'வரி' என்ற சொல் வரைக்கும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை 9.40. பதிவேடு காணாமல் போயிருந்தது.

"சதி," என்றார் ஏகாம்பரம். "ஜனநாயகத்தின் ஆணிவேரிலேயே கை வைத்துவிட்டார்கள், மேடம்."

மேடம் என்றது வரி மதிப்பீட்டைச் செய்த சாரதாவை. அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் ஒரு புது மல் துண்டு அவிழ்ந்து கிடந்தது. துண்டின் நடுவில் நீல அட்டை போட்ட பெரிய பதிவேடு. அந்த அலுவலகத்தில் இருக்கிற அத்தனை பதிவேடுகளையும் போலவே அதன் அட்டையிலும் மூன்று சந்தனப் பொட்டுகள் மஞ்சளாகக் காய்ந்திருந்தன. பொட்டுக்குக் கீழே அச்சிட்டிருந்தது: 'நாய் வளர்ப்போர் உரிமப் பதிவேடு'.

ஊரில் இருநூறு நாய்களாவது இருக்கும். உரிமம் பெற்றது ஒன்றே ஒன்று. அது ஏகாம்பரத்தின் நாய்.

அறைக்கு ஒரே கதவு. ஒரே ஜன்னல், அதிலும் கம்பி. கதவின் பூட்டுமேல் சனிக்கிழமை மாலை ஏகாம்பரமே அரக்கை உருக்கி ஊற்றிப் பேரூராட்சி முத்திரையைப் பதித்திருந்தார். இன்று காலை ஐந்து பேர் பார்க்க அவரே அதை உடைத்தார். உடைக்கிற வரைக்கும் முத்திரையில் ஒரு கீறல் இல்லை. பதிவேட்டைத் துண்டில் கட்டிச் சனிக்கிழமை பூஜை போட்டு வைத்த மூட்டையை அவரே அவிழ்த்தார். அவரே அதிர்ச்சி அடைந்தார்.

அறை வாசலில் 'சொத்து வரி மதிப்பீட்டுத் துறை' என்று ஒரு பலகை தொங்கியது. பலகை, கதவைவிட அரை அடி அகலம். துறையின் தலைவர் சாரதா. வயது நாற்பத்தைந்து. காஞ்சிபுரத்திலிருந்து நாலு மாதம் முன்பு மாற்றலாகி வந்தவள். கைப்பையில் குடை இல்லாமல் வந்தாலும் வருவாள், அளவு நாடா இல்லாமல் வர மாட்டாள். அவளுக்குக் கீழே பில் கலெக்டர் பன்னீர்செல்வம். அவனுக்கும் கீழே அரை ஆளாக மார்த்தாள். பெருக்குகிற மார்த்தாளின் மீதிப் பாதி, தெருக்களுக்குச் சொந்தம்.

இந்த இரண்டரைப் பேர் நாலு மாதம் ஊரை அளந்தார்கள். அளக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பூவரசம்பேட்டில் வீடுகள் ஒரே வாரத்தில் ஏழையாகிவிடும். சிமெண்டுத் தரைமேல் சாணம் ஏறும். வாடகைக்கு விட்ட போர்ஷனுக்கு வாசலே இல்லாதபடி செங்கல் அடுக்கிவிடுவார்கள். உள்ளே குடியிருப்பவர்கள் பின்பக்கமாகச் சுவர் ஏறி வந்து, "நாங்க விருந்தாளிங்க" என்பார்கள். பெருமாள் கோயில் தெருவில் ஆதிலட்சுமி என்கிற அம்மாள் தெருப் பக்கம் மட்டும் கீற்று வேய்ந்து, அதன் பின்னால் காங்கிரீட் போட்ட மெத்தை வீட்டை மறைத்து வைத்திருந்தாள். சாரதா கொல்லைப்புறமாகப் போய் நாடாவைப் பிடித்தாள். "அம்மா, அது யார் வூடுன்னு தெரிஞ்சுதான் அளக்கிறீங்களா?" என்று பன்னீர்செல்வம் மெதுவாகக் கேட்டான். "கதவு எண் பதினாலு," என்றாள் சாரதா. "அகலத்தைச் சொல்லு."

எல்லாரும் தப்பிக்கப் பார்த்த ஊரில், வரி போடச் சொல்லிக் கேட்டவர்கள் ஏரிக்கரையில் இருந்த பதினோரு குடிசைக்காரர்கள்தான். அதில் ஒரு குடிசை மார்த்தாளுடையது.

"கதவு நம்பர் இல்லாத வூடு வூடே இல்லன்றான் ரேஷன் கடைக்காரன்," என்று அப்போது அவள் சொன்னாள். "கரண்ட் ஆபீஸ்லயும் அதே பேச்சு. மழ ஒண்ணுதான் நம்பர் கேக்காம உள்ள வருது."

அந்தக் குடிசைகள் இருந்த மேட்டின் மேல் ரைஸ் மில் எத்திராஜுக்கு ஒரு கண். நெல் காயப் போடக் களம் வேண்டும் அவருக்கு. புதுப் பதிவேட்டில் பதினோரு பெயர் ஏறிவிட்டால், ரசீது கையில் வந்துவிட்டால், அவர்களை அப்படி லேசாகக் கிளப்ப முடியாது. மாலை ஐந்துக்குள் பதிவேடு கிடைக்காவிட்டால் பதினோரு வீடும் இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேடு. அளவுக் குறிப்புகளும் அந்தப் பதிவேட்டின் பின்னாலேயே தைக்கப்பட்டிருந்தன. நகல் கிடையாது.

காலை 10.45. ஏட்டு இருசப்பன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கனத்த மனிதர். அவசரம் என்பதை அவர் வீட்டார்கூடப் பார்த்ததில்லை.

"நாஷ்டா துண்ணப் போற நேரத்துல ஆள் வுட்டாங்க," என்றார். "இன்னா போச்சு? நகையா?"

"அதைவிட மேலானது," என்றார் ஏகாம்பரம்.

"புஸ்தகம்," என்றாள் சாரதா.

ஏட்டு முகத்தில் பசி மட்டும் தெரிந்தது.

ஏகாம்பரம் வழக்கை அவரே முடித்து வைத்திருந்தார். "அலுவலரே, கவனியுங்கள். சனிக்கிழமை மாலை பூஜை முடிந்து நாங்கள் அனைவரும் தாழ்வாரத்தில் போண்டா சாப்பிட்டோம். அந்தப் பத்து நிமிஷம் அறைக்குள் தனியாக இருந்தது ஒரே ஆள். கற்பூரச் சாம்பலைத் துடைப்பதாகச் சொல்லி உள்ளே இருந்தவள். கையில் குப்பைக்கூடை. அன்று காலை என் பீரோவில் இருந்த பதிவேடுகளைத் துடைத்தவளும் அவளே. அப்போது நாய்ப் பதிவேட்டை ஒளித்து வைத்திருக்கிறாள். பிறகு அதை வைத்து இதை எடுத்துவிட்டாள். பின்னணியில் எத்திராஜின் பணம்."

வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த மார்த்தாள், ஏட்டைப் பார்த்தாள். "அய்யா இவ்ளோ தூரம் யோசிச்சாரே, எனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்றத மறந்துட்டாரு. எது நாய் பொஸ்தகம் எது வூட்டு பொஸ்தகம்னு மோந்தா பாத்து எடுத்தேன்?"

"எத்திராஜ் சொல்லிக் கொடுத்திருப்பார்," என்றார் ஏகாம்பரம்.

"ஸ்டேஷனுக்கு வரணும் நீ," என்றார் ஏட்டு, அதிகம் நம்பிக்கை இல்லாமல்.

"வரேன். நாலு நாள் பெருக்கலன்னா வேலைக்கு வேற ஆள் போட்டுடுவாங்க, அதையும் எழுதிக்க ஏட்டய்யா."

"சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அவள் இங்கேயே இருக்கட்டும்," என்றாள் சாரதா. "காணாமல் போனது என் துறையின் பதிவேடு. நான் கொஞ்சம் அளந்து பார்க்கிறேன்."

"திருட்டை அளக்க முடியாது, மேடம்," என்றார் ஏகாம்பரம்.

ஏட்டுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஐந்து மணி வரைக்கும் என்றால் நடுவில் சாப்பாடு வரும்.

காலை 11.30. எத்திராஜ் கூப்பிடாமலே வந்தார், வேடிக்கை பார்க்க. தலை பளபளவென்று மொட்டை.

"பொஸ்தகத்த ஏரில போட்டுடுவேன்னு வெள்ளிக்கெழம இங்க வந்து சத்தம் போட்டீங்களாமே?" என்று கேட்டார் ஏட்டு.

"போட்டேன். என் மில்லுக்கு மூணு பங்கு ஏத்திட்டாங்க இந்தம்மா. சத்தமும் போடக் கூடாதா?"

"சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"திருத்தணி. வெள்ளி ராத்திரி போயி நேத்து சாயங்காலம் வந்தேன். ஏழு பேர் கூட வந்தாங்க. சந்தேகமா இருந்தா தலையத் தொட்டுப் பாருங்க."

ஏட்டு நிஜமாகவே தொட்டுப் பார்த்தார்.

"மார்த்தாளுக்கு நீங்க பணம் கொடுத்தீங்கன்னு சார் சொல்றாரு."

"அதுக்கா?" எத்திராஜுக்குச் சிரிப்பு வந்தது. "மேட்ட காலி பண்ணச் சொல்லி போன வருஷமே குடுத்துப் பாத்தேன். நோட்ட வாங்கி வெளிச்சத்துல பாத்துட்டு, 'இது செல்லும், நீ செல்ல மாட்ட நைனா'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

மார்த்தாள் மறுக்கவில்லை.

மதியம் 12.20. சாரதா பன்னீர்செல்வத்தை உட்கார வைத்துச் சனிக்கிழமையை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொன்னாள். அவளும் அங்கேதான் இருந்தாள். ஆனால் அளக்கும்போது ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொல்வது துறையின் வழக்கம். ஒரு கண் தவறவிட்டதை இன்னொரு கண் பிடிக்கும்.

"மத்தியானம் மூணு மணி. நீங்க எழுதி முடிச்சு ரிஜிஸ்டர சார் ரூமுக்கு எடுத்துக்கினு போனீங்க. தொண்ணூத்தாறு பக்கத்துலயும் கையெழுத்து போடணும்."

"அதுக்கு முன்னாடி அவர் அதைப் பார்த்திருக்காரா?"

"ஏங்கம்மா, பேச்சு எழுதவே நேரம் பத்தல அவருக்கு. அப்பதான் மொத தபா தொறந்தாரு. பாதில என்னக் கூப்ட்டு ஒரு கோலி சோடா வாங்கியாறச் சொன்னாரு. மூஞ்சி வேர்த்துக்கினு கீது. வாங்கியாந்து குடுத்தேன். அப்புறம் கதவ சாத்திக்கினாரு."

"நாலே முக்கால்?"

"நாலே முக்காலுக்கு மூட்டையா கட்டி, தலைக்கு மேல தூக்கிக்கினு வந்தாரு. சாமி பொறப்பாடு மாதிரி. ஒங்க மேஜைல வெச்சாரு. அவரே சந்தனம் கொழைச்சாரு. 'தண்ணியா கீது சார்'னேன். 'பக்தியில் கஞ்சத்தனம் கூடாது'ன்னு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தினாரு. மூட்ட மேல மூணு பொட்டு வெச்சாரு. வழிஞ்சி துண்டெல்லாம் ஈரம். குங்குமம், கற்பூரம், பேச்சு."

"பேச்சு எவ்வளவு நேரம்?"

"அரை மணி. கட்டடத்த மறைக்கிறவன் தேசத்துரோகின்னாரு. அப்புறம்தான் போண்டா. அஞ்சரைக்கு அரக்கு."

எல்லாம் சாரதாவின் நினைவோடு ஒத்துப்போனது. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

"கதவு எண் பதினாலை அளக்கும்போது என்னமோ கேட்டியே. அது யார் வீடு?"

பன்னீர்செல்வம் கதவைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். "சாரோட மாமியாருங்க," என்றான். "பேரு மாமியாருது. குடியிருக்கறது சாரு. நாயும் அங்கதான் கீது."

சாரதா நாலு மாதமாக வீடுகளை அளந்துகொண்டிருந்தாள். உறவுமுறைகளை அளக்கவில்லை.

பிற்பகல் 1.15. அலுவலகம் சாப்பிடப் போனது. ஏகாம்பரம் வீட்டுக்குப் போனார். ஏட்டு தாழ்வாரத்தில் பெஞ்சின்மேல் சாய்ந்தார். மார்த்தாள் படியில் உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை.

சாரதா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "சாப்பிடலையா?"

"எறங்கலம்மா. திருடின்னு சொன்னதுக்கு இல்ல. அது பொழுதுக்கும் யாரையாச்சும் சொல்லிக்கினேதான் கீறாங்க. அந்தப் பத்து வூட்டுக்காரங்களும் காலைலயே குளிச்சிட்டு ஏரிக்கரைல ஒக்காந்துகினு கீறாங்க, நம்பரப் பாக்க வரலாம்னு. அவங்ககிட்ட போயி இன்னான்னு சொல்ல?"

"சனிக்கிழமை சாமான் எடுத்து வைக்கும்போது மூட்டையைத் தொட்டியா?"

"சந்தனம் ஒழுகிக்கினு கீது, தொட்டா கையில ஒட்டும்னு சுத்தித்தான் தொடச்சேன். மேஜைல பாருங்க, மூட்ட இருந்த எடம் மட்டும் தூசியா இருக்கும்."

"காலையில் பீரோ பதிவேடுகளைத் துடைத்தாயே. நாய்ப் பதிவேடும் இருந்ததா?"

"எது எதுன்னு எனுக்குத் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு மட்டும் புத்தம் புதுசா, நீலமா, ஒரு பொட்டுகூட இல்லாம மொட்டையா இருந்துச்சு. இதுக்கு இன்னும் பூச போடலயான்னு நெனச்சிக்கினேன். எல்லாத்தையும் எண்ணித்தான் திருப்பி வாங்கிப் பூட்டினாரு."

சாரதா உள்ளே போய்ச் சரக்கு வரவுப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நாடாவை வெளியே எடுத்தாள்.

பிற்பகல் 2.40. எல்லாரும் துறையின் அறையில் கூடினார்கள். அறை சின்னது. எத்திராஜ் வாசற்படியில் நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"ஏட்டய்யா, இந்த அட்டையில் என்ன தெரியுது?" என்று கேட்டாள் சாரதா.

"பொட்டு. மூணு. எல்லா ரிஜிஸ்டர்லயும் கீதே. எங்க ஸ்டேஷன்லயும் லத்திக்குக்கூட வெப்போம்."

"ஆயுத பூஜைக்கு வைப்பது," என்றார் ஏகாம்பரம். "இதில் ஆராய என்ன இருக்கிறது?"

"அதனாலதான் காலையில் யாருமே கவனிக்கலை, நான் உள்பட. ஆயுத பூஜை போன அக்டோபர்ல வந்தது. இந்த நாய்ப் பதிவேடு அச்சாபீசிலிருந்து வந்தது இந்த வருஷம் மார்ச் பதினேழு. சரக்கு வரவில் உங்க கையெழுத்து இருக்கு, சார். இது இன்னும் ஒரு ஆயுத பூஜையும் பார்க்கலை. சனிக்கிழமை காலை துடைக்கும்போது இதில் பொட்டு இல்லைன்னு மார்த்தாள் சொல்றா."

"குற்றவாளியின் சாட்சி."

"அதை விட்டுடுவோம். நாடா பொய் சொல்லாது. பன்னீர், எழுதிக்கோ."

அவள் பதிவேட்டின்மேல் நாடாவை வைத்தாள். "அட்டை. இடது ஓரத்திலிருந்து முதல் பொட்டு. மூணேகால்."

"மூணேகால்," என்றான் பன்னீர்செல்வம்.

"மேலிருந்து ரெண்டரை."

"ரெண்டரை."

மூன்று பொட்டுக்கும் ஆறு அளவு. பிறகு மல் துண்டை எடுத்து, முடிச்சால் விழுந்த சுருக்கங்களைப் பார்த்துப் பார்த்து, சனிக்கிழமை இருந்த மாதிரியே பதிவேட்டைச் சுற்றிக் கட்டினாள். மேல்பக்கத்தில் துண்டு இரண்டு மடிப்பாக வந்தது. மேல் மடிப்பில் சந்தனம் தடிப்பாக உலர்ந்திருந்தது. உள் மடிப்பில் அதே இடத்தில் ஊறிய கறை.

"மேல் மடிப்பு. இடது ஓரம், மூணேகால்."

"மூணேகால்," என்றான் பன்னீர்செல்வம். குரல் கொஞ்சம் இறங்கியது.

"மேலிருந்து ரெண்டரை."

"ரெண்டரை."

ஆறு அளவும் ஒத்துப்போயின. ஏட்டு பெல்ட்டை ஏற்றி விட்டுக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார்.

"ஒரு வீட்டின் வெளி அளவும் உள் அளவும் கணக்குக்கு வந்தால், நடுவில் யாரும் சுவரை நகர்த்தலைன்னு அர்த்தம்," என்றாள் சாரதா. "சந்தனம் மேல் மடிப்பில் வைத்தது, உள் மடிப்பில் ஊறி, அட்டையில் இறங்கியிருக்கு. மூணும் ஒரே இடம். இந்தத் துண்டைக் கட்டின பிறகு காலை வரைக்கும் யாரும் அவிழ்க்கலை."

"ஈரமாக இருக்கும்போதே அவள் அவிழ்த்து, மாற்றி, மறுபடி கட்டியிருக்கலாமே," என்றார் ஏகாம்பரம்.

"மறுபடி கட்டினால் மடிப்பு கால் அங்குலமாவது தள்ளிப்போகும். உள் மடிப்பில் பழைய கறை மூணு, புதுக் கறை மூணு, ஆறு இருக்கணும். மூணுதான் இருக்கு. சார், நீங்க பூஜை போட்டது வரிப் பதிவேட்டுக்கு இல்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அரை மணி நேரம் பேசினது நாய்ப் பதிவேட்டுக்கு. போண்டா நேரத்தில் மார்த்தாள் எடுக்க அதற்குள் ஒன்றுமே இல்லை."

எத்திராஜ் வாசற்படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

"அப்போ பூசைக்கு முன்னாடி மூட்டயக் கட்னது யாரு?" என்று கேட்டார் ஏட்டு.

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். பன்னீர்செல்வம் தன் கையிலிருந்த அளவுகளை மறுபடி ஒரு தரம் கவனமாகப் படித்தான்.

"இது என் அலுவலகம்," என்றார் ஏகாம்பரம். "என்னை விசாரிக்க..."

"நீங்க சந்தனத்தைக் கெட்டியா குழைத்திருந்தால் இதெல்லாம் தெரிந்தே இருக்காது, சார்," என்றாள் சாரதா. "பூஜையே போடாமல் இருந்திருந்தால் மார்த்தாளை நான் எப்படிக் காப்பாற்றியிருப்பேன்னு எனக்கே தெரியலை."

"பீரோ சாவி, சார்," என்றார் ஏட்டு மரியாதையாக.

சாவி ஏகாம்பரத்தின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. சட்டையைத் தூக்கி, பேண்ட்டின் முன்பக்கத்தைத் தளர்த்தி, எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்ட பிறகு அதை எடுக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

பீரோவில் மூன்றாம் தட்டில், சுதந்திர தினப் பேச்சின் கையெழுத்துப் பிரதிக்கு அடியில் பதிவேடு இருந்தது. எரிக்கவில்லை, கிணற்றில் போடவில்லை. பதிவேட்டை அழித்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்கிற பயம், எப்பேர்ப்பட்ட உத்தியோகஸ்தனையும் கடைசிப் பாவத்திலிருந்து காப்பாற்றிவிடும்.

ஏட்டு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அட்டை சுத்தமாக இருந்தது. ஒரு துளி சந்தனம் இல்லை.

சாரதா பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும் ஏகாம்பரத்தின் கையெழுத்து, இரண்டு சுழியோடு, கீழே கோடு போட்டு. நாற்பத்து மூன்றில் இல்லை. அதற்கப்புறம் எதிலும் இல்லை.

"கதவு எண் பதினாலு, பெருமாள் கோயில் தெரு," என்று படித்தாள். "உரிமையாளர் ஆதிலட்சுமி. முன்புறம் கீற்று, ஒன்பது அடி. பின்புறம் மெத்தை, நாற்பத்திரண்டு அடி. பழைய பதிவு, கூரை வீடு. சோடா இந்தப் பக்கத்தில்தானே சார் வந்தது?"

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு களை வந்திருந்தது. "இது ஒரு பாதுகாப்பு ஒத்திகை," என்றார். "நமது அலுவலகத்தின் விழிப்புணர்வைச் சோதிப்பதற்காக நானே திட்டமிட்டேன். அனைவரும் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்."

பன்னீர்செல்வம் அளவு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"ஒத்திகைன்னா இன்னா, ஏட்டய்யா?" என்று கேட்டாள் மார்த்தாள்.

"நாடகத்துக்கு முன்னால போட்டுப் பாக்கறது."

"அப்போ நாடகத்துலயும் நான்தான் திருடியா?"

ஏட்டு ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் காலண்டரைப் பார்த்தார்.

"மணி மூணு பத்து," என்றாள் சாரதா. "ஐம்பத்து நாலு பக்கம் கையெழுத்து பாக்கி. போடுங்க சார், நான் புரட்டறேன். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள். மார்த்தாள் மேல் சொன்னது பொய் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து. அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், தமுக்கிலும் சொல்லப்படும். நடந்ததை எழுதி மேலே அனுப்பறது என் வேலை. அதை இன்றைய தபாலில் சேர்க்கிறேன்."

"தமுக்கு அவசியமா?"

"நாலு தெருமுனையிலும்," என்றாள் சாரதா.

அவர் எழுதினார். பேனாவில் மை தீர்ந்தது. பன்னீர்செல்வம் தன் பேனாவைக் கொடுத்தான். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கையெழுத்தின் இரண்டு சுழியும் காணாமல் போய், வெறும் கோடு மட்டும் விழுந்தது. சாரதா ஒற்றுத்தாளை வைத்து அழுத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஏட்டு தம் குறிப்பேட்டில் 'பொருள் கிடைத்தது' என்று ஒரு வரி எழுதினார். மீதியை எந்தச் சட்டப்பிரிவில் எழுதுவது என்று மேலே கேட்டுக்கொள்ளலாம் என்று மூடி வைத்தார்.

மாலை 4.35. பதிவேடு தாழ்வாரத்தில் மேஜைமேல் வைக்கப்பட்டது. ஏரிக்கரையிலிருந்து பத்து குடும்பங்களும் வந்து சேர்ந்தன. சாரதா கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பெயர் வந்ததும் ஒவ்வொருவரும் கிட்டே வந்து, தெரியாத எழுத்தைத் தொடாமல், அதற்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்தார்கள். எத்திராஜ் தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று வந்ததும் மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மில்லுக்கு நடந்தார்.

"ஏரிக்கரை, கதவு எண் 11. மார்த்தாள்," என்றாள் சாரதா.

மார்த்தாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லும்மா."

சாரதா இன்னொரு தரம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை 10.05க்கு, மதிப்பீட்டை எதிர்த்து முதல் ஆட்சேபணை மனு வந்தது. ஏரிக்கரை, கதவு எண் 11, மார்த்தாள்: வரி அதிகம், குறைக்கவும்.